வானில் விமானங்கள் ஒன்றையொன்று அறிவது எங்ஙனம்?

வானம் மிகப் பரந்தது; அதில் பறக்கும் விமானமோ ஒரு சிறு புள்ளி. அத்துணைப் பெருவெளியில் இரண்டு புள்ளிகள் ஒரே இடத்துக்கு ஒரே நொடியில் வந்து மோதுதல் கூடுமோ என்று ஐயுறுவோர் உளர். விமானங்கள் மனம்போன போக்கில் பறப்பனவாயின் இவ்வையம் பொருத்தமானதே. ஆனால் அவை அங்ஙனம் பறப்பதில்லை. கடலில் கப்பல்களுக்கு வழி உண்டு. அதுபோல வானிலும் வகுத்த வழிகள் உண்டு. உயரங்களும் ஆயிரம் அடிக்கு ஒன்றாகத் தட்டுத் தட்டாக வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே விமானங்கள் வான்வெளி எங்கும் சிதறிக் கிடப்பதில்லை; சில கோடுகளின் மேலேயே திரண்டு செல்கின்றன.

முன்னாளில் வழிகாட்டும் கருவிகள் அவ்வளவு துல்லியமாக இல்லை. ஆதலின் ஒரே வழியில் செல்லும் இரு விமானங்கள் தம்மையறியாமலே சற்று விலகிச் சென்றன. இன்று துணைக்கோள்களின் உதவியால் ஒவ்வொரு விமானமும் வழியின் நடுக்கோட்டைவிட்டு அசையாமல் செல்கிறது. யாரோ ஒருவரின் தவற்றால் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்துவிட்டால், நமக்கு நன்மை செய்த அத்துல்லியமே பகையாகிவிடும். அந்நிலையில் மோதலைத் தடுக்க விமானத்தினுள்ளேயே ஒரு காவலன் வேண்டும். டிகாஸ் என்று விமானிகள் சுருக்கமாக வழங்கும் மோதல் தவிர்ப்புக் கருவியே அக்காவலன். அது எவ்வாறு பிற விமானத்தை அறிகிறது, எவ்வாறு எச்சரிக்கிறது, எவ்விடத்தில் அதன் ஆற்றல் முடிகிறது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

கருவி பிறந்த வரலாறு

1956-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதின. 128 பேர் மாண்டனர். விமானிகள் தம் கண்ணால் கண்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அன்று அவ்வானப் பகுதிக்கு இருந்த விதி. அவ்விதி போதாது என்பதை அவ்விபத்து உலகுக்கு உணர்த்தியது. அக்காலத்திலேயே பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர் ஜான் மோரல் என்பார் மோதலின் இயல்பைக் கணக்கிட்டு ஓர் அடிப்படைக் கருத்தை வெளியிட்டார். அதனைப் பின்னர் விளக்குவோம்.

கருத்து பிறந்தும் கருவி உருவாகப் பல ஆண்டுகள் சென்றன. 1978-இல் சான்டியாகோ நகரின் மேல் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சிறு விமானமும் மோதி 144 பேர் இறந்தனர். 1986-இல் லாஸ் ஏஞ்சலீஸை அடுத்த செரிட்டோஸ் என்னும் ஊரின் மேல் அதே வகையான மோதல் நிகழ்ந்து 82 பேர் இறந்தனர். அவர்களுள் 15 பேர் தரையில் இருந்தவர்கள். அதன் பின்னரே, 1987-இல், அமெரிக்க நாடாளுமன்றம் இக்கருவியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னுமிடத்தில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 உயிர்கள் பலியாயின. வான்மோதல்களுள் இதனினும் கொடியது இதுகாறும் நிகழ்ந்ததில்லை. உலகப் பொது விதியாக இக்கருவி வந்தது 2003-ஆம் ஆண்டு தொடக்கத்தில்; முதலில் பெரிய விமானங்களுக்கும், 2005 முதல் 19 பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் விமானங்களுக்கும் அது கட்டாயமாயிற்று.

கண் ஏன் போதாது?

விமானிக்குக் கண் இல்லையா என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு ஜெட் விமானங்கள் மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் எதிரெதிரே வருகின்றன என்க. அவை நெருங்கும் வேகம் மணிக்கு 960 கடல் மைல். அஃதாவது நிமிடத்துக்கு 16 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆகவே வினாடிக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் இடைவெளி கரைந்துகொண்டே வருகிறது. ஒரு விமானி பிற விமானத்தைக் கண்டு, அது மோதும் வழியில் வருகிறது எனத் தெளிந்து, முடிவுசெய்து, விசையைத் திருப்பி, விமானமும் அதற்கு இணங்கித் திரும்புவதற்கு ஏறத்தாழ 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறை பயன்படுத்தும் கணக்கு. அதற்குள் 6 கிலோமீட்டர் தொலைவு மறைந்துபோகும். அத்தொலைவுக்கு அப்பால் வரும் விமானம் கண்ணுக்கு ஒரு தூசாகவே தோன்றும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நேர்கோட்டில் மாறா வேகத்தில் செல்லும் இரண்டு விமானங்கள் மோதப்போகின்றனவாயின், ஒன்றிலிருந்து பார்ப்பவருக்கு மற்றது கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அசையும் பொருளையே நம் கண் எளிதில் பற்றும். அசையாத புள்ளியை விட்டுவிடும். எனவே விலகிச் செல்லும் விமானம் கண்ணில் படுகிறது; மோத வரும் விமானமோ கண்ணுக்குத் தப்புகிறது. மேகமும் இருளும் சேர்ந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

வினாவும் விடையும்

இக்கருவி பிற விமானத்தைப் பார்ப்பதில்லை, வினவுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, வருகிற விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என அறிய ஒரு முறையை வகுத்தனர். தரையிலிருந்து வானொலி அலையால் ஒரு வினா எழும். நண்பன் விமானத்திலுள்ள பொறி தானே விடை அனுப்பும். அதன் வழிவந்ததே இன்று ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி. அதனை நாம் மறுமொழிப் பொறி என்போம். தரையிலுள்ள ரேடார் நிலையம் 1030 மெகாஹெர்ட்ஸ் அலையில் வினவ, மறுமொழிப் பொறி 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் விடையிறுக்கும். மோதல் தவிர்ப்புக் கருவி அவ்வினாவைத் தரைநிலையத்துக்குப் பதிலாக விமானத்திலிருந்தே கேட்கிறது. அவ்வளவே புதுமை. ஆகவே தரையில் ரேடார் இல்லாத கடலின் மேலும் பாலைவனத்தின் மேலும் அது தன் பணியைச் செய்யும்.

எல்லா விமானங்களும் ஒரே வேளையில் விடை சொன்னால் என்னாகும்? வகுப்பில் ஆசிரியர், "யார் யார் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் எழும் இரைச்சலை ஆசிரியர்கள் அறிவார்கள். பெயர் சொல்லி அழைத்தாலோ ஒருவரே விடை கூறுவார். இக்கால மறுமொழிப் பொறிகளில் இம்முறையே கையாளப்படுகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் வழங்கப்பட்டுள்ளது. இவ்வாறு வழங்கக்கூடிய எண்கள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு மறுமொழிப் பொறியும் வினாடிக்கு ஒரு முறை தன் எண்ணைத் தானே ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அதனைக் கேட்ட கருவி அவ்வெண்ணைக் குறிப்பிட்டு அவ்விமானத்தை மட்டும் வினவும். இம்முறை இல்லாத பழைய பொறிகளுக்கு வேறோர் உத்தி உண்டு. முதலில் மெல்லிய குரலில் வினவி மிக அருகில் இருப்பவற்றின் விடையைப் பெற்று, பின்னர்க் குரலைப் படிப்படியாக உயர்த்தித் தொலைவில் உள்ளவற்றை வினவுவர்.

விடையிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது தொலைவு. வானொலி அலை ஒளியின் வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. வினா சென்று விடை மீண்ட காலத்தை அளந்தால் தொலைவு தெரியும். 10 கடல் மைலுக்கு அப்பால் உள்ள விமானத்துக்கு அலை சென்று மீளும் காலம், ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 124 கூறு. மறுமொழிப் பொறி விடை தர எடுத்துக்கொள்ளும் காலம் முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால் அதனைக் கழித்துவிடுவர்.

இரண்டாவது உயரம். இதனைக் கருவி அளப்பதில்லை. பிற விமானமே தன் உயரத்தை விடையில் சொல்லிவிடுகிறது. எல்லா விமானங்களும் இதற்கு ஒரே காற்றழுத்த அளவையே அடிப்படையாகக் கொள்வதால் இரண்டின் உயரங்களையும் ஒப்பிடலாம்.

மூன்றாவது திசை. விமானத்தில் பொருத்திய ஏரியல் விடை எப்பக்கத்திலிருந்து வந்தது என்று உணர்கிறது. ஆயின் இவ்வளவு சிறிய ஏரியலால் திசையை நுட்பமாக அறிய இயலாது. சில பாகை தவறலாம். தொலைவும் உயரமும் நம்பத்தக்கவை. திசை அத்துணை நம்பத்தக்கதன்று. இதனை நினைவிற் கொள்க.

தொலைவன்று, காலமே அளவு

எத்துணை நெருங்கினால் எச்சரிப்பது? ஐந்து மைல் என்று ஒரு வரம்பு வைக்கலாமே எனத் தோன்றும். ஐந்து மைல், எதிரெதிரே வரும் ஜெட் விமானங்களுக்கு மிகக் குறைவு. ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நெருங்குபவற்றுக்கோ மிக அதிகம். மோரல் கண்ட உண்மை இதுவே: ஆபத்தை அளக்க வேண்டியது மைலால் அன்று, வினாடியால். இடைவெளியை நெருங்கும் வேகத்தால் வகுத்தால், மோதுவதற்கு இன்னும் எத்தனை வினாடி உள்ளது என்பது கிடைக்கும். நான்காம் வகுப்பு மாணவன் போடும் கணக்கே இது.

20,000 அடிக்கு மேல் பறக்கும்போது, இக்கணக்கின்படி 48 வினாடி மிஞ்சியிருக்கையில் முன்னறிவிப்பு எழும். 35 வினாடி மிஞ்சியிருக்கையில் கட்டளை பிறக்கும். நாம் முன்னர்க் கூறிய இரு ஜெட் விமானங்களாயின் அவை முறையே 12.8 மற்றும் 9.3 கடல் மைல் தொலைவாகும். தாழ்வாகப் பறக்கும்போது வேகம் குறைவு; விமானங்களும் நெருக்கமாகவே பறக்கும். ஆதலின் அக்காலம் சுருக்கப்படுகிறது. 1,000 முதல் 2,350 அடி வரை முன்னறிவிப்புக்கு 25 வினாடியும் கட்டளைக்கு 15 வினாடியுமே உண்டு.

காலத்தை மட்டும் நம்பினால் ஓர் இடர் உண்டு. ஒரு விமானம் மற்றொன்றை நிமிடத்துக்கு ஒரு கடல் மைல் வீதம் மெல்ல நெருங்குகிறது என்க. 35 வினாடி எஞ்சும்போது இடைவெளி அரை மைலுக்குச் சற்றே மிகுதி. அந்நிலையில் ஒன்று சிறிது திரும்பினாலும் போதும், தப்ப நேரமில்லை. எனவே காலம் எவ்வளவு இருப்பினும், குறித்த தொலைவுக்குள் வந்துவிட்டால் எச்சரிக்க வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. 20,000 அடிக்கு மேல், கட்டளைக்கு அத்தொலைவு 1.1 கடல் மைல்.

முன்னறிவிப்பும் கட்டளையும்

விமானியின் முன்னுள்ள திரையில் சுற்றியுள்ள விமானங்கள் சிறு சாய்சதுரங்களாகத் தோன்றும். அருகே அவற்றின் உயர வேறுபாடு எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். நெருக்கம் மிகும்போது அக்குறி மஞ்சள் வட்டமாக மாறும். "டிராபிக், டிராபிக்" என்ற குரல் எழும். இது முன்னறிவிப்பு. பிற விமானத்தைக் கண்ணால் தேடவும், அடுத்து வரக்கூடிய கட்டளைக்கு ஆயத்தமாகவும் இது விமானியைத் தூண்டுகிறது. இது கேட்டவுடன் விமானத்தைத் திருப்பலாகாது.

ஆபத்து தொடர்ந்தால் குறி செஞ்சதுரமாகும்; "கிளைம்ப், கிளைம்ப்" என்றோ "டிசென்ட், டிசென்ட்" என்றோ, மேலேறவோ கீழிறங்கவோ பணிக்கும் கட்டளை ஒலிக்கும். இடம் வலம் திரும்பு என்று இக்கருவி ஒருபோதும் சொல்வதில்லை. அதன் திசையறிவு குறையுடையது என்று கண்டோமல்லவா? அதுவே காரணம். விமானி 5 வினாடிக்குள் கட்டளைக்கு இணங்கி, நிமிடத்துக்கு 1,500 அடி வீதம் ஏறினால், எஞ்சிய 30 வினாடியில் ஏறத்தாழ 700 அடி விலகிவிடலாம். அது போதும்.

இரண்டு விமானங்களிலும் கருவி இருப்பின், இரண்டும் ஒரே பக்கம் விலகினால் பயனில்லையே? அதற்கும் வழி செய்துள்ளனர். ஒன்று மேலேறத் தீர்மானித்தவுடன், அச்செய்தியை மறுமொழிப் பொறியின் வழியே மற்றதற்குத் தெரிவிக்கும். மற்றது கீழிறங்கும் கட்டளையைத் தேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே கணத்தில் ஒரே முடிவை எடுத்துவிட்டால், எவ்விமானத்தின் எண் பெரியதோ அது தன் முடிவை மாற்றிக்கொள்ளும். மனிதர் வாதிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இவை எண்ணைக் கொண்டு முடித்துவிடுகின்றன.

இரண்டு கட்டளைகள்

கருவிகள் இரண்டும் உடன்பட்டன. மனிதர் உடன்படாவிடின் என்னாகும்? 2001-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் ஜப்பான் வானில் அஃது ஏறக்குறைய நிகழ்ந்தது. தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் ஒரு விமானத்துக்குச் சொல்ல வேண்டியதை மற்றதற்குச் சொல்லிவிட்டார். கருவி மேலேறச் சொல்ல, அவ்விமானமோ அதிகாரியின் சொற்படி இறங்கியது. மற்ற விமானம் தன் கருவியின் சொற்படி அதுவும் இறங்கியது. இரண்டிலுமாக 677 பேர். கடைசி நொடியில் விமானிகள் கண்ணால் கண்டு விலகினர். விமானம் குலுங்கியதில் ஏறத்தாழ நூறு பேர் காயமுற்றனர், உயிர்ச்சேதம் இல்லை.

பதினேழு மாதங்கள் கழிந்தன. 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகரின் மேல் ஒரு ருஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் 36,000 அடி உயரத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தன. ஜூரிச் நிலையத்தில் அவ்வேளை ஒரே அதிகாரி இரண்டு இருக்கைகளின் பணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பழுதுபார்க்கும் வேலை காரணமாக அவருக்கு உதவ வேண்டிய சாதனங்கள் முழுமையாக இயங்கவில்லை. ஆபத்தைக் காலந்தாழ்த்திக் கண்ட அவர் ருஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். சில வினாடிகளில் அவ்விமானத்தின் கருவி "மேலேறு" என்றது. சரக்கு விமானத்தின் கருவி "கீழிறங்கு" என்றது. சரக்கு விமானம் கருவிக்குப் பணிந்தது. ருஷ்ய விமானம் அதிகாரிக்குப் பணிந்தது. இரண்டும் சேர்ந்தே இறங்கி மோதின. 71 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்ற பள்ளிப் பிள்ளைகள்.

கருவி பிழை செய்யவில்லை. இரண்டு கருவிகளின் கட்டளைகளையும் நிறைவேற்றியிருந்தால் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடந்து சென்றிருக்கும். விமானிகளை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. அதிகாரியின் சொல்லும் கருவியின் சொல்லும் முரண்பட்டால் எது மேலானது என்பதை அந்நாளைய விதிநூல்கள் ஒரே குரலில் கூறவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. அதன் பின்னர் உலக விமானத்துறை ஐயத்துக்கிடமின்றி விதியைத் திருத்தியது: கருவியின் கட்டளை எழுந்தால் விமானி அதற்கே பணிய வேண்டும், தரையிலிருந்து வரும் மாறான ஆணையை ஏற்கலாகாது. விமானி அதனைத் தெரிவித்தபின் அதிகாரியும் குறுக்கிடலாகாது.

சொல்லின் பொறுப்பு

மொழி கற்பிப்போர் அறியத்தக்க ஒரு செய்தியும் இங்கு உண்டு. ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இக்கருவி முன்பு "அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று சொல்லி வந்தது. செங்குத்து வேகத்தைச் சரிசெய் என்பது அதன் பொருள். கூட்டுவதும் சரிசெய்தல்தான், குறைப்பதும் சரிசெய்தல்தான். பதற்றமான அந்நொடியில் சில விமானிகள் குறைக்க வேண்டிய வேகத்தைக் கூட்டிவிட்டனர். எனவே திருத்தப்பட்ட கருவியில் அச்சொல்லை நீக்கி, "லெவல் ஆப், லெவல் ஆப்" என்று அமைத்தனர். உயரம் மாறாமல் சமமாகச் செல் என்பது அதன் பொருள். இதனைப் பிழையாகக் கொள்ள இடமில்லை. இத்திருத்தம் 2017-ஆம் ஆண்டு தொடக்கத்துக்குள், இக்கருவியைச் சுமந்தாக வேண்டிய எல்லா விமானங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

கருவியின் எல்லை

விடை சொல்லாத விமானம் இக்கருவிக்கு இல்லாத விமானமே. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் பிரேசிலின் காட்டு வானில் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சிறிய ஜெட் விமானமும் 37,000 அடி உயரத்தில் ஒரே வழியில் எதிரெதிரே வந்தன. சிறிய விமானத்தின் மறுமொழிப் பொறி இயங்காதிருந்தது. அதனால் அதன் மோதல் தவிர்ப்புக் கருவியும் செயலற்றது. பயணிகள் விமானத்தின் கருவியும் அதனை அறியவில்லை. எச்சரிக்கை எதுவும் எழாமலே மோதின. பயணிகள் விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தனர்.

தரைக்கு மிக அருகிலும் இக்கருவி கட்டளையிடுவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே கீழிறங்கச் சொல்வது ஆபத்து. தரையிறங்கும் விமானத்தை மேலேறச் சொன்னால் விமான நிலையத்தின் ஒழுங்கே குலையும். அங்கே முன்னறிவிப்பு மட்டுமே உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் இரவு வாஷிங்டன் நகரில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் ஒரு இராணுவ ஹெலிகாப்டரும் ஏறத்தாழ 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தனர். மோதலுக்குச் சுமார் 20 வினாடி முன்னர் "டிராபிக், டிராபிக்" என்ற குரல் விமானத்தில் ஒலித்தது. கட்டளை ஒலிக்கவில்லை, அந்த உயரத்தில் ஒலிக்கும்படி அது அமைக்கப்படவில்லை.

வழி வகுப்பதும் உயரம் பிரிப்பதும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பணி. அஃது எங்கேனும் தவறினால், கடைசி 48 வினாடிகளைக் காப்பதே இக்கருவியின் பணி. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: வினவும்போது மற்ற விமானம் விடை தர வேண்டும், கட்டளை எழும்போது இரு விமானிகளும் அதற்குப் பணிய வேண்டும். முன்னது பொறியின் செயல்; பின்னது மனிதரின் செயல். யாருக்குப் பணிவது என்பதை ஆபத்து வந்தபின் முடிவுசெய்ய நேரமிராது. முன்னரே முடிவுசெய்திருக்க வேண்டும். யூபர்லிங்கனில் அம்முடிவு எடுக்கப்படாதிருந்தது. இன்று அது விதியாகிவிட்டது.